கண் வெளுக்கும் மருந்து

“அவையள் மாட்டினமாம், குகதாசண்ணை.”

கலியாணப் புரோக்கர் கதிரவேலு மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, படலையடியில் நின்றபடியே சொன்னார். நல்ல செய்தி என்றால் உள்ளே வந்து, கதிரையில் சாய்ந்து, தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் வாயைத் திறக்கிற ஆள்.

“ஏனாம்?” என்று கேட்டான் குகதாசன்.

“நான் என்னத்தைச் சொல்ல? மாப்பிள்ளையின்ரை தாய்மாமன் சோமசேகரத்தார் தானே நேரிலை வந்து விசாரிச்சவர். பொம்பிளை நல்லம், சாதகம் பொருத்தம், எல்லாம் சரி. ஆனால் தகப்பன் இன்னும் குடியை விடேல்லை எண்டு நிக்கிறார். உங்கடை கண் கோவைப்பழம் மாதிரிக் கிடக்காம்.”

அடப் பாவி! போன கிழமை வேலை செய்கிற இடத்துக்கு வெள்ளைச் சேட்டோடு ஒருவர் வந்து, மதில் கட்டவேண்டும், கல்லுக்கு எந்த இடம் நல்லது என்று பத்து நிமிடம் கதைத்துவிட்டுப் போனாரே, அவர்தானா? கொடிகாமத்தில் கிராம சேவையாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். மதிலாவது மண்ணாங்கட்டியாவது! சம்பந்தம் செய்ய முதல் இரு பகுதியும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் ஒளித்து விசாரிப்பது. அது ஊர்வழக்கம், அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்தவர் குகதாசனின் முகத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

குகதாசன் குடித்தவன்தான். இல்லையென்று யார் சொன்னது? கொக்குவிலில் நல்ல மேசன் யார் என்று கேட்டால் அவன் பெயரைச் சொல்வார்கள், பின்னேரம் எங்கே பிடிக்கலாம் என்று கேட்டால் கள்ளுத் தவறணையைச் சொல்வார்கள். ஒரு நாள் மகள் கஜந்தினி பள்ளிக்கூடச் சீருடையோடு சைக்கிளில் வந்து தவறணை வாசலில் நின்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு எழும்பி வந்தவன் பதினொரு வருடமாக ஒரு துளி தொடவில்லை. பதினொரு வருடம்! இப்போது கண் சிவந்தவுடன் அத்தனை வருடமும் தண்ணீரில் போட்ட உப்பாய்க் கரைந்து போயிற்று.

சிவப்புக்குக் காரணம் மருந்து. கண்ணில் அழுத்தம் கூடுகிற வருத்தம், குளுக்கோமா என்கிற நோய், அவனுக்கு. இடது கண் வெளிச்சம் இருட்டுக் கூடத் தெரியாமல் முன்னமே போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரங்கள் போய், நடுப்பார்வை மட்டும் குழாய்க்குள்ளால் பார்ப்பதைப்போல மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான், சாரத்தில் ஏறுவதை விட்டுவிட்டு, நிலத்தில் நின்று செய்கிற வேலையைக் கையால் தடவித் தடவிச் செய்தான். தை மாதம் பெரியாஸ்பத்திரியில் புது மருந்து ஒன்று கொடுத்தார்கள், படுக்கப் போகமுதல் ஒரு துளி. அழுத்தம் நன்றாய் இறங்கிற்று. கண்ணோ மிளகாய்த்தூள் பட்டதுபோலச் சிவந்து போனது.

கதிரவேலு போன பிறகு மனைவி பத்மாசினி அடுப்படியிலிருந்து வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

“இதிலை என்ன கிடக்கு? கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுவம். கண்ணுக்கு மருந்து விடுறார், அதுதான் சிவப்பு எண்டு சொன்னால் முடிஞ்சுது. நான் கதிரவேலுவைத் திருப்பிக் கூப்பிடுறன்.”

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்? பெட்டைக்கு இருபத்தெட்டு வயசு. முதல் வந்தது உங்கடை பழைய குடிப்பேராலைதான் குழம்பினது. இந்த மாப்பிள்ளைப் பெடியன் கீர்த்திகன் ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கதைக்கிறான். அவள் சிரிச்சுக் கதைக்கிறதைக் கேட்டு எத்தினை வருசம்! நீங்கள் வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டால்—”

“பத்மா, இது பரம்பரை வருத்தமப்பா.”



மூன்று மாதமாய் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் குகதாசன் அப்போதுதான் சொன்னான். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், கட்டாயம் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதை. கண்ணாடி போடுகிற சோதனை என்று பொய் சொல்லிக் கஜந்தினியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதை. இப்போதைக்கு அவளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் வருடா வருடம் பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லி விட்டதை.

“கொப்பியைக் காட்டினால் சோமசேகரம் அதோடை விடுவாரே? நாலு இடத்திலை விசாரிப்பார். தகப்பன் ஒரு கண் குருடு, மற்றதும் போகுது, பிள்ளைக்கும் வரும், பேரப்பிள்ளைக்கும் வரும் எண்டு கொடிகாமம் முழுக்கத் தெரியவரும். பிறகு இவளை ஆரப்பா கட்டுவான்?”

பத்மாசினி நிலத்தில் குந்திவிட்டாள். அழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். குடிகாரன் என்று இருந்தாலும் கலியாணம் நில்லாது, நோயாளி என்று சொன்னாலும் நில்லாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மதில்தான்.

அடுத்த கிளினிக்குக்கு அவன் தனியாகப் போனான். டொக்டர் இளம் பொம்பிளை, பொறுமைசாலி. வெளியே நூறு பேர் காத்திருந்தாலும் எரிந்து விழமாட்டார்.

“டொக்டர், சிவக்காத மருந்து ஒண்டு தாங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

“முதல் தந்தது சிவக்கேல்லைத்தான் ஐயா. அது உங்களுக்கு மூச்சிழுப்பைக் கொண்டுவந்திட்டுது, ஞாபகமோ? மற்றதுக்கு அழுத்தம் இறங்கேல்லை. இதுதான் உங்களுக்கு ஒத்துப்போகுது.”

“இந்தச் சிவப்பு என்னத்தாலை?”

“கண்ணுக்குள்ளை தேங்கி நிக்கிற நீரை இது வெளியாலை ஓடப்பண்ணுது. அதோடை மேலுக்கு இருக்கிற சின்னச் சின்ன இரத்தக் குழாயளையும் விரிச்சுவிடுது. அதுக்குள்ளாலை இரத்தம் கூட ஓடுறதுதான் சிவப்பாத் தெரியுது. ஒரு கெடுதலும் இல்லை. பயப்பட வேண்டினது பின்னாலை இருக்கிற நரம்புக்கு. அதுக்கும் இரத்தம் போகவேணும். அழுத்தம் ஏறினால் இரத்தம் உள்ளுக்குப் போகேலாமல் நெரிபடும். நரம்பு காயும். காய்ஞ்சது திரும்பி வராது.”

“ஒரு மூண்டு மாசம் மட்டும் நிப்பாட்டினால்?”

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“ஐயா, உங்களுக்கு மிஞ்சிக் கிடக்கிறது ஒரு கண்ணிலை ஒரு துண்டுப் பார்வை. சிவப்பெண்டு மருந்தை நிப்பாட்டிப்போட்டு, கடையிலை கண் வெளுக்க விக்கிற துளியை வாங்கி விடுற ஆக்களும் இருக்கினம். அது மேல் குழாயளைச் சுருக்கும், கண் பாலா வெளுக்கும். உள்ளுக்கை நரம்பு செத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் விளக்கமான ஆள்.”

விளக்கமான ஆள்! அந்த விளக்கமான ஆள் ஆஸ்பத்திரி வாசலால் வெளிக்கிட்டு, பஸ் நிலையப் பக்கம் நடந்து, ஒரு மருந்துக்கடையில் ஏறி, கண் வெளுக்கிற துளி கேட்டான். டொக்டர் சொன்ன எச்சரிக்கையில் அவன் காதில் விழுந்தது பாலாய் வெளுக்கும் என்கிற ஒன்றுதான்.

“வேறை ஏதும் கண் வருத்தம் இருக்கோ ஐயா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இல்லைத் தம்பி. சீமெந்துத் தூசு, வேறை ஒண்டுமில்லை.”

நாக்கூசாமல் பொய் சொன்னான். தப்பென்று அவனுக்குத் தெரியாதா? தெரியும்.  ஆனால் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இந்தக் கண் எப்படியும் ஐந்தாறு வருடத்தில் போகப்போகிற கண். பிள்ளைக்கு வந்த சம்பந்தம் இந்த மாதமே போகப்போகிறது. கண் போனால் போகட்டும்.

மருந்தை நிறுத்தி நாலாம் நாள், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெளுக்கிற துளியை விட்டான். பத்து நிமிடம் போகவில்லை, சிவப்பு நூல்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. வெள்ளை! சின்னப்பிள்ளையின் கண்ணைப்போல வெள்ளை. தன் முகத்தைப் பார்த்து அவனுக்கே அழுகை வந்துவிட்டது. குடிக்காதவனின் முகம் அது, பதினொரு வருடமாய் அவனுக்குச் சேரவேண்டிய முகம்.

“நல்லூரானே, கண் தெளிஞ்சுபோச்சு!” என்று பத்மாசினி துள்ளினாள். “மருந்து உடம்புக்குப் பழகியிட்டுதாக்கும், என்னப்பா?”

“ஓம், பழகியிட்டுது.”

படுக்கிற நேரம் மருந்துப் போத்தலை எடுத்து, கட்டிலில் மல்லாந்து, அவள் பார்க்கப் பார்க்க ஒரு துளியைக் கன்னத்தில் விட்டுத் துவாயால் துடைத்தான். போத்தல் குறையவேண்டுமே. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளைக் குடிக்கிற காலத்தில்கூட அவன் இப்படி ஏமாற்றியதில்லை. அந்த நேரங்களில் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாய் இருந்தது.

கதிரவேலு ஓடித் திரிந்து எப்படியோ சோமசேகரத்தை இன்னொரு முறை கூட்டிக்கொண்டு வந்தார். மனிதர் வந்து கதிரையில் இருந்தார், பலகாரத்தைத் தொடவில்லை. குகதாசனின் முகத்துக்கு நேரே குனிந்து, நீதிமன்றத்தில் நிற்கிற குற்றவாளியைப் பார்ப்பதுபோல இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

“அண்டைக்கு என்ன, அப்பிடிச் சிவந்து கிடந்தது?”

“சீமெந்துத் தூசு.”

“ம்ம். சரி. ஆவணியிலை ஒரு நல்ல நாள் கிடக்கு. எழுத்தை முடிச்சிடுவம்.”

எழுத்து என்றால் பதிவுக் கலியாணம். அது முடிந்துவிட்டால் தாலிகட்டு எப்போது என்பது வெறும் நாள் கணக்குத்தான். உள்ளறையில் கஜந்தினியின் வளையல் சத்தம் கேட்டது. குகதாசன் கூரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஆவணி வர மூன்று மாதம் கிடந்தது. ஐயோ, அந்த மூன்று மாதம்! கூடத்துச் சுவரில் கலண்டர் ஒன்று தொங்கியது. காலையில் எழும்பியதும் அதற்கு முன்னால் ஒரே இடத்தில் நின்று பார்ப்பான். வைகாசியில் மாதம் முழுவதும் ஒரே பார்வைக்குள் தெரிந்தது. ஆனியில் நடுவில் ஒரு வரிசையும் அதற்கு மேலும் கீழும் பாதிப் பாதியும். ஆடி நடுப்பகுதியில் ஒரு திகதி மட்டும்தான், அதுவும் புகைக்குள்ளால். வேலைக்குப் போவதை நிறுத்தி, நாரிப்பிடிப்பு, இடுப்பு நோகுது என்று சொன்னான். வெளுக்கிற துளியும் துரோகம் செய்தது. முதலில் நாலு மணித்தியாலம் நின்ற வெள்ளை இரண்டாகி, ஒன்றாகி, துளி வற்றியதும் முன்னையைவிடக் கூடச் சிவந்தது. சேட்டுப் பையிலேயே போத்தலை வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை விட்டான்.

ஒருமுறை பயம் பொறுக்கமுடியாமல் பழைய மருந்துக்குத் திரும்பினான். மூன்றாம் நாள் கண் இரத்தக் கட்டியாய் நின்றது. பார்த்து வைத்ததுபோல அன்றைக்கா கதிரவேலு வரவேண்டும்! “என்னண்ணை, பேந்தும் தொடங்கியிட்டியளோ? கடைசி நேரத்திலை என்ரை தலையிலை மண்ணைப் போட்டிடாதேங்கோ” என்றார். குகதாசன் கிணற்றுக்குப் பின்னால் போய், வாழை மரங்களுக்குள் இருந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அன்றிரவு மருந்துத் துளி மறுபடியும் கன்னத்துக்கே போயிற்று. எழுத்து முடியட்டும், எழுத்து முடிந்த அடுத்த நாளே டொக்டரின் காலில் போய் விழுவேன் என்று தனக்குள் சொல்லிச் சொல்லி நாளை ஓட்டினான்.

எழுத்து நாள் விடிந்தபோது கலண்டர் இல்லை. சுவரும் இல்லை. கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் எங்கும் நிறைந்து நின்றது, அதற்குள் ஒன்றும் இல்லை.  வீடு நிறைய ஆட்கள். “அப்பா, குளிச்சிட்டியளோ?” என்று கஜந்தினி கூப்பிட்டாள். பத்து மணிக்கு நல்ல நேரம். இப்போது வாய் திறந்தால் எல்லாம் கவிழும்.

தடவிப் போய்க் குளித்தான். வேட்டி கட்டினான். வெளுக்கிற துளியை மூன்று தரம் விட்டான். வீட்டைக் கட்டியவன் அவனேதான், எந்தச் சுவர் எத்தனை அடி என்று காலுக்குத் தெரியும். பந்தலில் வந்து கப்புத் தூணோடு சாய்ந்து நின்று, குரலை வைத்து ஆளைப் பிடித்து, வாங்கோ வாங்கோ என்று கும்பிட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மணித்தியாலம் இப்படி நின்றால் போதும். சாட்சிக் கையெழுத்துக்கு மச்சான் முருகேசுவை, பத்மாசினியின் தமையனை, முன்னமே ஒழுங்கு செய்தாயிற்று.

“அப்பா, சீலை எப்பிடி?” கஜந்தினி பக்கத்தில் வந்து நின்றாள். மல்லிகைப்பூ மணந்தது.

“நல்ல வடிவு, பிள்ளை.”

“பார்க்காமல் சொல்லுறியள்!”

“பார்த்திட்டன் அம்மா. நல்ல வடிவு.”

 பெற்ற பிள்ளையை மணப்பெண்ணாய்ப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சேலை என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

பதிவாளர் வந்தார். கீர்த்திகன் கையெழுத்து வைத்தான், கஜந்தினி வைத்தாள். ஆட்கள் கை தட்டினார்கள். குகதாசனுக்குப் போன மூச்சு வந்தது. அப்போதுதான் சோமசேகரத்தின் குரல் கேட்டது.

“பொம்பிளைப் பகுதிச் சாட்சி தகப்பனே வைக்கட்டும். இல்லை இல்லை, ஒருத்தரும் மறிக்கக் கூடாது. நான் உங்களைப் பிழையா நினைச்சனான், குகதாசன். சபையிலை சொல்லுறன். வாங்கோ, வந்து வையுங்கோ.”

நல்ல மனிதர், மரியாதை செய்கிறார். அந்த மரியாதையில் இடி விழ! குகதாசன் குரல் வந்த பக்கம் நடந்தான். மேசை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று காலுக்குத் தெரியாது. முழங்கால் மேசையில் அடித்தது, வெற்றிலைத் தட்டம் புரண்டு சலார் என்று விழுந்தது. யாரோ பிடித்தார்கள். பேனை கைக்குள் வந்தது.

“கோட்டிலை வையுங்கோ, ஐயா” என்றார் பதிவாளர்.

“இதிலையோ?”

“அங்காலை, ஐயா… ஐயா, அது மேசைச் சீலை.”

 ஒரு பொம்பிளை, “குடிச்சிட்டோ வந்திருக்கிறார்?” என்றாள், மெதுவாய்ச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. “காலமையே?” என்றாள் இன்னொருத்தி. சோமசேகரத்தின் மூச்சு முகத்துக்கு நேரே வந்தது.

“குகதாசன், என்ன இது?”

இரண்டு வார்த்தை போதும், கண் தெரியேல்லை என்று. சொன்னால் எல்லாரும் ஓடிவந்து பிடிப்பார்கள், பாவம் பார்ப்பார்கள். பிறகு ஏன் தெரியவில்லை, எப்போதிலிருந்து, என்ன வருத்தம் என்று கேள்வி வரும். தாலி இன்னும் ஏறவில்லை. வைத்த கையெழுத்தை முறிக்கவும் நீதிமன்றம் இருக்கிறது. குடிகாரத் தகப்பன் என்றால் பெட்டை என்ன செய்வாள் பாவம் என்று விட்டுவிடுவார்கள். இரத்தத்தில் குருடு ஓடுகிறது என்றால் விடமாட்டார்கள்.

“ஓம்,” என்றான் குகதாசன். நாக்கு வேண்டுமென்றே குழறியது. “சந்தோசத்திலை கொஞ்சம் பாவிச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அப்பா!” என்றாள் கஜந்தினி. “இண்டைக்குமோ அப்பா? இண்டைக்குமோ?”

அவள் விக்கி விக்கி அழுகிற சத்தம் கேட்டது. கீர்த்திகன் நல்ல பெடியன். “மாமா, நாங்கள் வைச்சாச்சு. முருகேசு மாமா சாட்சி வைக்கட்டும், கஜந்தினியின்ரை அப்பாவைக் கொண்டுபோய்ப் படுக்க விடுங்கோ” என்று சோமசேகரத்திடம் சொன்னான். சோமசேகரம் த்தூ என்றார். ஆனால் பேனை கைமாறுகிற சத்தம் கேட்டது.

பத்மாசினி வந்து அவன் தோளைப் பிடித்தாள். அவள் மூச்சு அவன் வாய்க்குக் கிட்ட வந்து, திகைத்து நின்றது. சாராய மணம் எங்கே இருக்கிறது? விரலால் அவன் கண்ணுக்கு முன்னால் ஏதோ செய்தாள்போல, காற்று அசைந்தது. “ஐயோ, இவர் குடிக்கேல்—” என்று அவள் வாயெடுக்கவும், குகதாசன் அவள் கையைத் தேடிப் பிடித்து, எலும்பு நோகுமட்டும் இறுக்கினான்.

அவளும் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“இந்தச் சனியனோடை நான் முப்பது வருசமாப் படுற பாடு!” என்று பத்மாசினி சபைக்குக் கேட்கக் கத்தினாள். “நீயெல்லாம் ஒரு தகப்பனோ? வா உள்ளுக்கு! வா எண்டுறன்!” கத்திக் கத்தியே அவனை நடத்தினாள். கை மட்டும் அவன் கையை விடவே இல்லை. படியில் நின்று, அவன் கால் வைக்கும்வரை காத்து நின்று, மெதுவாய் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“எப்ப நிப்பாட்டினனீங்கள்?”

“வைகாசியிலை.”

“நான் தெரியுறனோ?”

“இல்லை.”

அவள் அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துச் சத்தமில்லாமல் குலுங்கினாள். சேட்டு நனைந்தது.

“கேளப்பா,” என்றான் அவன். “ஆரும் கேட்டால் கசிப்புக் கள்ளச்சாராயம் குடிச்சுக் கண் போச்சு எண்டு சொல்லு. பரம்பரை எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதை. தாலி ஏறின பிறகு பிள்ளைக்கு மட்டும் சொல்லி, வருசா வருசம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.”

கதவை யாரோ தட்டினார்கள். “பத்மா மச்சாள், என்ன, வாந்தி கீந்தி எடுக்கிறாரோ? நாங்கள் உள்ளுக்கு வரவோ?”

பத்மாசினி மூக்கை உறிஞ்சி, குரலைச் சரிசெய்துகொண்டாள்.

“ஒருத்தரும் வராதேங்கோ!” என்று கத்தினாள். “வெறியிலை கிடக்குது, கிடக்கட்டும். நீங்கள் போய் வந்த ஆக்களைச் சாப்பிட இருத்துங்கோ.”